ஜப்பானில் இறப்பு விகிதம் ஏன் வங்கதேசத்தைவிட அதிகம்? – மக்கள்தொகை நிலைமாற்றம் பற்றி ஒரு விவாதம்

#1 கயல்விழி

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், முதலாம் ஆண்டு. நேற்று நாடுவாரியான ஒரு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஜப்பானில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 12 பேருக்கு மேல் இறக்கிறார்கள். வங்கதேசத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் ஜப்பானியர்களின் சராசரி ஆயுள் சுமார் 84, வங்கதேசத்தில் 70களில். நீண்ட நாள் வாழ்கிற நாட்டில் எப்படி அதிகம் பேர் சாக முடியும்? அட்டவணை தவறா, நான் அதைப் படிக்கும் விதம் தவறா?

வகுப்பில் மக்கள்தொகை நிலைமாற்றம் என்று நான்கு கட்டப் படம் ஒன்றைக் காட்டினார்கள். முதலில் இறப்பு குறையும், பிறகு பிறப்பு குறையும், கடைசியில் இரண்டு கோடுகளும் கீழே வந்து சேர்ந்துவிடும். கடைசியில் இறப்புக் கோடு மறுபடி மேலே ஏறும் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 எண்ணும்எழுத்தும்

நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள் கயல்விழி. அட்டவணை சரிதான். நீங்கள் பார்த்தது கச்சா இறப்பு விகிதம். ஓராண்டின் மொத்த இறப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்தது, அவ்வளவுதான். யார் எந்த வயதில் இருக்கிறார்கள் என்பதை அது பார்ப்பதே இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். இரண்டு நாடுகள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர். முதல் நாட்டில் 900 பேர் 65 வயதுக்குக் கீழே, 100 பேர் அதற்கு மேலே. இளையவர்களில் ஆயிரத்துக்கு 4 பேரும், முதியவர்களில் ஆயிரத்துக்கு 60 பேரும் ஆண்டுதோறும் இறக்கிறார்கள். கூட்டினால் 3.6 + 6 = 9.6.

இரண்டாம் நாட்டில் 700 பேர் இளையவர்கள், 300 பேர் முதியவர்கள். அங்கே மருத்துவம் சிறந்தது. இளையவர்களில் ஆயிரத்துக்கு 2, முதியவர்களில் 40. கூட்டினால் 1.4 + 12 = 13.4.

எந்த வயதை எடுத்தாலும் இரண்டாம் நாட்டில் சாவு குறைவு. மொத்தமாகப் பார்த்தால் அதிகம். ஜப்பானில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் 65ஐத் தாண்டியவர்கள். உங்கள் அட்டவணை காட்டுவது அதைத்தான்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். இரண்டாம் நாட்டின் வயதுவாரி விகிதங்களை எடுத்து, முதல் நாட்டின் வயது அமைப்பில் பொருத்திப் பாருங்கள். இதைத்தான் வயது சீரமைத்தல் என்பார்கள்.

#3 கயல்விழி

செய்துவிட்டேன் ஐயா. 900 பேருக்கு 1.8, 100 பேருக்கு 4. மொத்தம் 5.8. அப்படியானால் ஒரே வயது அமைப்பு இருந்திருந்தால் 9.6க்கு எதிராக 5.8தான். இப்போது புரிகிறது.

ஆனால் இதைப் புரிந்துகொண்டதும் வேறொரு கேள்வி வந்துவிட்டது. வயதானவர்கள் கூடிய நாட்டில் விகிதம் கணக்கில்தான் பொய்க்கிறது, ஆட்கள் உண்மையாகவே அதிகம் இறக்கிறார்கள் இல்லையா? மருத்துவமனைக்கு வருவது வயது சீரமைத்த நோயாளி அல்லவே, நிஜ மனிதர்கள். அப்படியென்றால் ஒரு நாட்டின் சுகாதாரத் துறை எதைப் பார்த்துத் திட்டமிட வேண்டும்?

#4 மங்கை (செவிலி)

இந்தக் கேள்விக்காகவே உள்நுழைந்தேன் தங்கச்சி. இரவுப் பணி முடிந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

#5 முகில்

எல்லாம் சரி. ஆனால் அடிப்படைப் பிரச்சினையை விட்டுவிட்டு விகிதங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டியது. ஆட்கள் கூடக்கூட மருத்துவர் போதாது, பள்ளி போதாது, தண்ணீர் போதாது. பிள்ளைகள் எண்ணிக்கைக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினால் பாதிச் சிக்கல் தீரும். இதைச் சொல்ல எல்லோரும் ஏன் தயங்குகிறார்கள்?

#6 எண்ணும்எழுத்தும்

முகில், இந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. என் தலைமுறையில் எல்லோரும் இப்படித்தான் பேசினோம். ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன.

முதலில், மக்கள்தொகை பெருகியது பிறப்பு கூடியதால் அல்ல. இறப்பு குறைந்ததால். ஸ்வீடனில் 1749 முதல் நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புக் கணக்கு தொடர்ச்சியாக இருக்கிறது. அதில் முதலில் சரிவது இறப்புக் கோடுதான். பிறப்புக் கோடு வெகு காலம் கழித்துத்தான் இறங்குகிறது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் பெருக்கம்.

ஸ்வீடனில் ஆயிரத்துக்கு 20 என்ற இறப்பு விகிதம் 14க்கு இறங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இலங்கையில் 1946இல் ஏறக்குறைய 20ஆக இருந்தது 1947இல் 14 ஆகிவிட்டது. ஒரே ஆண்டு! மலேரியாக் கொசுவை ஒழிக்க டிடிடி பூச்சிமருந்து தெளித்தது ஒரு காரணம். மருத்துவ நிலையங்கள் பரவியதும் உணவு நிலைமை மேம்பட்டதும் மற்றவை. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேகம். சாவு ஓராண்டில் குறையும். ஒரு குடும்பம் எத்தனை பிள்ளை வேண்டும் என்று நினைப்பது ஓராண்டில் மாறாது. ஏழு பெற்றால்தான் நான்கு தங்கும் என்று கண்ணால் கண்டு வளர்ந்த தாய், பிழைக்கிறது என்று நம்ப ஒரு தலைமுறை வேண்டும்.

இன்னொன்று, இப்போது உலகச் சராசரி ஒரு பெண்ணுக்கு 2.3 குழந்தை அளவுக்கு வந்துவிட்டது. 1950களில் அது ஏறக்குறைய 5. அப்படியும் மக்கள்தொகை ஏன் இன்னும் ஏறுகிறது என்றால், முன்பு பிறந்த பெரிய தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறது. இதை மக்கள்தொகை உந்தம் என்பார்கள். ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டில் 2080களின் நடுவில் சுமார் 1030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு மெல்ல இறங்கும் என்கிறார்கள்.

#7 மங்கை (செவிலி)

பணி முடிந்து வந்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

26 ஆண்டு இந்த வேலை. முதல் எட்டு ஆண்டு மகப்பேறு, குழந்தைகள் பிரிவு. வயிற்றுப்போக்கில் காய்ந்துபோய் வரும் குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா தெரியாது. உச்சிக்குழி உள்ளே போயிருக்கும், அழுதால் கண்ணீர் வராது. அந்தக் குழந்தைக்குச் சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டால் சில மணி நேரத்தில் கண் திறக்கும். 1971 போரின்போது வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குடும்பத்தாரிடமே இந்தக் கரைசலைக் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முகாமில் சாவு 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. உலகில் 1990இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். 2022இல் அது 50 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் இந்தக் கரைசலும் தடுப்பூசியும் நல்ல குடிநீரும் இருக்கின்றன.

முகில் தம்பி, குழந்தை தங்கும் என்று தாய்க்கு நம்பிக்கை வந்த வீட்டில்தான் கருத்தடை பற்றிப் பேசவே முடியும். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து வந்தவளிடம் “போதும் நிறுத்திக்கொள்” என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

இரண்டாவது, தாய்மார். பேறுகால மரணத்தை ஒரு பிரசவத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று மட்டும் பார்க்கிறோம். ஏழு முறை பிரசவிப்பவள் அந்த ஆபத்தை ஏழு முறை சந்திக்கிறாள். அதிலும் ஐந்தாவது, ஆறாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு ஆபத்து கூடுதல். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இடைவெளி கிடைத்தால் தாயும் தேறுவாள், முந்தைய குழந்தைக்கும் பால் கிடைக்கும். ஆகவே பிறப்பு குறைவது என்பது முதலில் பெண்களின் உயிரைக் காக்கும் விஷயம். நாட்டுப் பொருளாதாரமெல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்கு.

#8 முகில்

அக்கா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சீனா ஒரே பிள்ளைத் திட்டத்தால்தானே கட்டுப்படுத்தியது? நம்பிக்கை வரும் வரை காத்திருந்தால் பல பத்தாண்டு ஓடிவிடுமே.

#9 எண்ணும்எழுத்தும்

சீனாவின் கணக்கை ஆண்டுவாரியாகப் பாருங்கள். 1970இல் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 5.8 குழந்தை. 1979இல் 2.8க்கு அருகில் வந்துவிட்டது. ஒரே பிள்ளைத் திட்டம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது 1980இல்தான். அதாவது பெரிய சரிவு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 70களிலும் ‘தாமதமாக, இடைவெளி விட்டு, குறைவாக’ என்ற அரசு இயக்கம் இருந்தது, அதிலும் அழுத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கடுமையான சட்டம்தான் எல்லாவற்றையும் செய்தது என்பது தவறு. ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற ஆசையோடு அந்தக் கெடுபிடியும் சேர்ந்தபோது பெண் சிசுக்கள் கருவிலேயே போனார்கள். பல ஆண்டுகள் 100 பெண் குழந்தைக்கு 115க்கு மேல் ஆண் குழந்தைகள் பிறந்தன. இயல்பாக 105 அளவில் இருக்க வேண்டியது. 2015இல் திட்டத்தைக் கைவிட்டு, 2021இல் மூன்று பிள்ளை வரை அனுமதித்தார்கள். 2022 முதல் மக்கள்தொகை இறங்கிக்கொண்டிருக்கிறது.

கட்டாயமே இல்லாமல் இறங்கிய நாடுகளும் உண்டு. ஈரானில் 1980களின் தொடக்கத்தில் 6க்கு மேல் இருந்தது 2000 வாக்கில் 2 அளவுக்கு வந்துவிட்டது. கிராமங்களில் சுகாதார இல்லங்கள், அந்தந்த ஊரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த பணியாளர்கள், பெண்களின் கல்வி. வங்கதேசத்தில் பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஏழை நாடு, பெரும்பாலும் கிராமங்கள். அங்கும் 6க்கு மேலிருந்து 2க்குச் சற்று மேல் வரை இறங்கியது.

எதிர்த்திசையிலும் கட்டாயப்படுத்திப் பார்த்த நாடு ஒன்று உண்டு. ருமேனியா. பிள்ளைகள் குறைகிறார்கள் என்று 1966இல் ஆணை 770 மூலம் கருக்கலைப்பைப் பெருமளவு தடை செய்தார்கள். ஒரு பெண்ணுக்கு 1.9 ஆக இருந்தது அடுத்த ஆண்டே 3.7 ஆனது. பிறகு? பெண்கள் மறைவான வழிகளைத் தேடிப் போனார்கள், பிறப்பு மறுபடி இறங்கிவிட்டது. ஆனால் சாவு ஏறியது. 1989இல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 170 தாய்மார் இறந்தார்கள், பெரும்பாலும் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால். ஐரோப்பாவிலேயே அதுதான் அதிகம். அனாதை விடுதிகளில் கைவிடப்பட்ட குழந்தைகள் நிறைந்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக அந்த ஆணையை ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டே பேறுகால மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

பெண்ணின் உடல்மேல் அரசு எந்தப் பக்கம் அழுத்தினாலும் சாவு கூடியிருக்கிறது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

#10 முகில்

ருமேனியா பற்றி எனக்குத் தெரியாது. படித்ததும் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. சட்டம் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு ஐயம். பிறப்பு குறைந்தால் நாடு வளரும் என்கிறார்களே, மக்கள்தொகை ஈவு என்று. அது தானாக வருமா?

#11 வைகறை

தானாக வராது முகில். ஓய்வூதியக் கணக்குகள் சார்ந்த வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பிறப்பு குறையத் தொடங்கியதும் சில பத்தாண்டுகளுக்குக் குழந்தைகளும் குறைவு, முதியவர்களும் குறைவு, உழைக்கும் வயதினர் அதிகம் என்ற நிலை வரும். ஒரு நாட்டுக்கு அது பெரும்பாலும் ஒரே முறைதான். 1965 முதல் 1990 வரை கிழக்கு ஆசிய நாடுகள் கண்ட வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரை இதிலிருந்து வந்திருக்கலாம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் புளூமும் ஜெஃப்ரி வில்லியம்சனும் 1998இல் கணித்தார்கள். அந்த நாடுகள் அதற்கு முன்பே பள்ளிகளைக் கட்டியிருந்தன, தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. வேலை இல்லாத நாட்டில் அதே இளைஞர் கூட்டம் ஈவு அல்ல.

நான் கவலைப்படுவது அந்தக் கதவு மூடும் வேகத்தைப் பற்றி. 65ஐத் தாண்டியவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் ஆயின. ஸ்வீடனுக்கு 85. ஜப்பானுக்கு ஏறக்குறைய 25. தென்கொரியாவுக்கு 18 ஆண்டு, 2000 முதல் 2018 வரை. 2024 கடைசியில் அங்கே 20 சதவீதத்தையும் தொட்டுவிட்டது.

115 ஆண்டு என்றால் மூன்று நான்கு தலைமுறை. அதற்குள் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, முதியோர் மருத்துவம் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறியாவது கட்டிவிடலாம். 18 ஆண்டு என்றால், 47 வயதில் வேலையில் இருந்தவர் 65ஐத் தொடும் நேரம். அவ்வளவுதான். கொரியாவில் தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988இல்தான் தொடங்கியது. இன்று 80 வயதானவர் அதில் கட்டியது சொற்ப ஆண்டுகள்தான். அதனால்தான் அவ்வளவு வளர்ந்த நாட்டில் முதியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி என்னை மிகவும் உறுத்துவது. அங்கே பிறப்பு 1983இலேயே பதிலீட்டு அளவான 2.1க்கு, அதாவது ஒரு தலைமுறையை அடுத்தது ஈடுசெய்யப் போதுமான அளவுக்கு, வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளைக் குறைக்கச் சொல்லும் அரசுக் கொள்கை 1996 வரை தொடர்ந்தது. 13 ஆண்டு! வண்டி நின்ற பிறகும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மக்கள் மாறிவிடுகிறார்கள், நிர்வாகம் பழைய அச்சத்திலேயே இருந்துவிடுகிறது. 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான்.

#12 பொன்னி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வைகறை எழுதியது ஓய்வூதியம் பற்றி. பணத்தைத் தவிர இன்னொன்று இருக்கிறது.

என் அம்மாவுக்கு 81. ஆறு ஆண்டாக மறதி நோய். அம்மாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அவர்களுடைய அம்மா படுத்தபோது ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர், அண்ணன் வெளிநாட்டில். நான் வேலையை விட்டு நான்காண்டு ஆகிறது. இரவில் மூன்று முறை எழுந்திருப்பேன். என் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியது போன ஆண்டு.

நான் வருத்தப்படவில்லை, அம்மாவைப் பார்ப்பது என் விருப்பமும்தான். ஆனால் நான் செய்வது எந்தக் கணக்கிலும் வராது. உழைக்கும் வயதில் வேலை இல்லாதவள் என்று ஒரு கட்டத்தில் என்னைப் போட்டுவிடுவார்கள். உழைப்பவர் எத்தனை பேர், அவர்களைச் சார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்று சார்பு விகிதம் போடுகிறார்களே, அதில் நான் எந்தப் பக்கம்?

#13 மங்கை (செவிலி)

பொன்னி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டேன். முதலில் இதைச் செய்யுங்கள்: உங்கள் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பராமரிப்பவர் விழுந்துவிட்டால் இரண்டு நோயாளிகள்.

எதைப் பார்த்துத் திட்டமிடுவது என்று கயல்விழி கேட்டதற்கும் இதுதான் பதில். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் 40 படுக்கை குழந்தைகள் பிரிவு இருந்தது. என் கண்முன்னே அது 15 ஆயிற்று. அது கொண்டாட வேண்டிய விஷயம், குழந்தைகள் சாகவில்லை. ஆனால் பக்கத்துப் பொதுப் பிரிவில் இடுப்பு உடைந்த பாட்டிகளும் பக்கவாதம் வந்த தாத்தாக்களும் வராந்தாவில் படுத்திருந்தார்கள். காலியான இடத்தை அவர்களுக்குத் திறக்க மூன்று ஆண்டு ஆனது. திறந்தபோதும் அங்கே இயன்முறை மருத்துவர் ஒருவர்கூட இல்லை. கட்டிடம் மாறிவிட்டது, எங்கள் பயிற்சி மாறவில்லை.

தொற்று நோய் வந்தது, மருந்து கொடுத்தோம், போனது. அப்படிப் பழகியவர்கள் நாங்கள். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் போகாது. முப்பது ஆண்டு கூடவே வரும். அதற்கு வேண்டியது அவசர சிகிச்சை அறை அல்ல. பெயர் சொல்லி அழைத்து “போன மாதம் ஏன் வரவில்லை” என்று கேட்கிற ஒரு ஆள்.

#14 எண்ணும்எழுத்தும்

மங்கை சொன்ன மாற்றத்துக்கு 1971இல் ஆய்வாளர் அப்தெல் ஓம்ரான் ‘நோய்ப்பரவல் நிலைமாற்றம்’ என்று பெயரிட்டார். கொள்ளைநோயும் பஞ்சமும் ஆண்ட காலம், அவை பின்வாங்கும் காலம், நாட்பட்ட நோய்களின் காலம் என்று மூன்றாகப் பிரித்தார். வரைபடத்தில் அழகாக இருக்கும். உண்மையில் ஒன்று போய் மற்றது வருவதில்லை. பல நாடுகளில் காசநோயும் சர்க்கரை நோயும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலில் இருக்கின்றன. சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். பின்னோக்கியும் போகலாம். ரஷ்யாவில் 1990இல் சுமார் 64 ஆக இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. சோவியத் சமூக ஏற்பாடு உடைந்தது, அதோடு சேர்ந்த குடிப்பழக்கம், இவைதான் காரணம்.

கூடுதலாக வாழும் ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதுதான் பெரிய கேள்வி. நோயோடு கிடக்கும் காலம் கடைசியில் சுருங்கிவிடும் என்று 1980இல் மருத்துவர் ஜேம்ஸ் ஃப்ரைஸ் நம்பிக்கையோடு எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு குருன்பெர்க் என்ற ஆய்வாளர் நேர்மாறாகச் சொன்னார்: சாவைத் தள்ளிப்போடுகிறோம், நோயை அல்ல, ஆகவே நோயோடு வாழும் காலம் நீளும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் உலகச் சராசரி ஆயுள் 73, நலமாக வாழும் ஆயுள் 63 சொச்சம். ஏறக்குறைய பத்தாண்டு வித்தியாசம். அந்தப் பத்தாண்டில் யாரோ ஒரு பொன்னி இருக்கிறார்.

#15 கயல்விழி

பொன்னி அக்கா கேட்டதற்கு ஏதாவது ஒரு நாடாவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறதா?

#16 வைகறை

முழுப் பதில் இல்லை. முயன்றவை உண்டு.

ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பாதிச் செலவு சந்தாவிலிருந்து, பாதி வரிப்பணத்திலிருந்து. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டு ஏழு படிகளில் ஒன்றில் வைப்பார்கள். பகல்நேரப் பராமரிப்பு மையம், குளிப்பாட்ட வீட்டுக்கு வரும் ஆள், சில நாள் தங்கவைக்கும் இடம் என்று சேவைகளாகக் கிடைக்கும். பயன்படுத்துபவர் வருமானத்தைப் பொறுத்து பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை கொடுக்க வேண்டும்.

முக்கியமான வித்தியாசம் இது. ஜெர்மனியில் வீட்டில் பார்ப்பவர்களுக்குப் பணமாகவும் வாங்கிக்கொள்ளலாம். ஜப்பானில் பணம் கிடையாது, சேவை மட்டும். அங்கே சட்டம் வரும் முன் இதைப் பற்றிக் கடும் விவாதம் நடந்தது. பணம் கொடுத்தால் “அதான் காசு வருகிறதே, நீயே பார்” என்று மருமகளையே வீட்டில் கட்டிப்போடுவார்கள் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. எனக்கு அந்த வாதம் சரியாகப் படுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். சந்தா தொடங்கியபோது இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, சம்பளம் குறைவு.

#17 பொன்னி

பணமா சேவையா என்று கேட்டால், சேவைதான் என்று இரண்டு கையையும் தூக்குவேன். வாரத்தில் இரண்டு பகல் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் வந்தால் போதும். ஒரு பகல் தூங்குவேன். இன்னொரு பகல் பகுதிநேர வேலைக்குப் போவேன்.

ஆனால் வரும் அந்த ஆளும் ஒரு பெண்ணாக இருப்பாள், அவள் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்றும் தோன்றுகிறது. பராமரிப்புக்காக ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குப் பெண்கள் போகிறார்களே, அவர்கள் ஊரிலும் முதுமை வேகமாக வருகிறதுதானே?

#18 முகில்

நான் முதலில் வந்தபோது எண்ணிக்கையைப் பற்றி மட்டும் யோசித்தேன். இப்போது எதிர்ப்பக்கத்தில் ஒன்று கேட்கிறேன். பிறப்பு இவ்வளவு குறைந்த நாடுகளில், பிள்ளை பெற்றால் பணம் என்று அரசுகள் கொடுக்கின்றனவே. அது வேலை செய்யுமா?

#19 எண்ணும்எழுத்தும்

கொரியா பல ஆண்டுகளாகப் பெருந்தொகை செலவிட்டும் 0.72 வரை இறங்கியது. 2024இல் 0.75, சற்று ஏற்றம். பணம் சிலருக்கு முதல் பிள்ளையை முன்கூட்டிப் பெற உதவலாம். ஆனால் நீண்ட வேலை நேரம், வீட்டு விலை, பிள்ளை பிறந்ததும் பெண்ணின் வேலை போய்விடும் பயம், வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில் என்பதெல்லாம் அப்படியே இருக்கும்போது ஒருமுறை கொடுக்கும் பணம் எவ்வளவு தூரம் போகும்?

பொன்னியின் நிலைமையும் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுக்கும் 30 வயதுப் பெண்ணின் நிலைமையும் எனக்கு ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மேலே ஒரு தாய், கீழே ஒரு குழந்தை, நடுவில் ஒரே பெண். இந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆண்களும் அரசும் வராத வரை பிறப்பு எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. பொன்னி சொன்ன புலம்பெயர்வும் இதன் நீட்சிதான். ஆள் வருவது உதவும், வருபவர்களுக்கும் வயதாகும்.

அப்புறம், எல்லா நாடும் இந்த இடத்தில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. நைஜரில் இன்னும் ஒரு பெண்ணுக்கு 6 குழந்தை அளவில் இருக்கிறது. மக்களில் பாதிப் பேர் 16 வயதுக்கும் கீழே. அங்கே இன்றைக்கு வேண்டியது தடுப்பூசியும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளும் ஒருநாள் 65ஐத் தொடுவார்கள்.

#20 மங்கை (செவிலி)

கயல்விழி, சுகாதாரத் துறை எதைப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்ற உன் கேள்விக்கு நான் இப்படிச் சொல்வேன். இந்த ஆண்டு எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்த்துப் படுக்கை போடாதே. இன்றைக்கு 50 வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார். 15 ஆண்டு கழித்து வரப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். இதில் ஜோசியம் எதுவும் தேவையில்லை. ஒரு செவிலியரைப் பயிற்றுவிக்கவே நான்கு ஆண்டு ஆகும்.

#21 கயல்விழி

நன்றி அக்கா. நேற்று இரவு பயிற்சித் தாளை மறுபடி எழுதினேன். அட்டவணையில் கச்சா விகிதத்தை ஒரு பத்தியிலும் வயது சீரமைத்ததை அடுத்த பத்தியிலும் வைத்தேன். மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: 80ஐத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் எதிரே 50 முதல் 64 வயது வரை எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று. பொன்னி அக்கா சொன்னதைப் படித்த பிறகு தோன்றியது. நாட்டுக்கு நாடு அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

#22 எண்ணும்எழுத்தும்

அந்தப் பத்தியைப் போன்ற ஒரு கணக்குக்கு ஏற்கெனவே பெயர் உண்டு, பராமரிப்பு ஆதரவு விகிதம். நீங்களாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். அந்த 50–64 வயதினரை ஆண், பெண் என்று பிரித்து இன்னொரு முறை போடுங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு, அவர்களில் யார் உண்மையில் பார்க்கிறார்கள் என்பதற்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள்.

#23 பொன்னி

அந்த இடத்தில் போட என்னிடம் ஒரு வாரக் கணக்கு இருக்கிறது கயல்விழி. இரவு எத்தனை முறை எழுந்தேன், குளிப்பாட்ட எவ்வளவு நேரம், மருந்துக்கு எவ்வளவு நேரம் என்று மருத்துவர் கேட்டதற்காக எழுதி வைத்தது. தனிமடலில் அனுப்புகிறேன்.